புற்றுக் காளானும் அதன் போலியும்: குடையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாமா?

கிணற்றுமேடு (தாராபுரம்)

எல்லோருக்கும் வணக்கம். போன வாரத்து மழைக்குப் பிறகு எங்கள் தோட்டத்து வேலியோரம் வெள்ளைக் காளான் கூட்டங்கூட்டமாக முளைத்திருக்கிறது. அம்மா காலையிலேயே ஒரு கூடை நிறையப் பறித்துவந்து, "புற்றுக் காளான், குழம்பு வைத்துவிடலாம்" என்கிறார். எனக்கு ஆசையும் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது. முளைத்த இடத்தில் புற்று எதுவும் கண்ணில் படவில்லை. சில காளான்களின் தண்டில் வளையம் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. வளையம் இருந்தாலே விஷம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அம்மாவோ, பூண்டும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைக்கும்போது நிறம் மாறாவிட்டால் நல்ல காளான் என்கிறார். கூடை இன்னும் திண்ணையில் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைச்சாரல் (குன்னூர்)

இன்று அடுப்பில் ஏற்றாதீர்கள். நாளைக் காலை வரை பொறுத்தால் உங்கள் வீட்டிலேயே விடை கிடைத்துவிடும்.

முதலில் புற்று விஷயம். புற்றுக் காளானுக்கு வெளியே தெரியும் புற்று தேவையில்லை. கரையான்கள் மண்ணுக்குள் அறை அமைத்து, தாங்கள் தின்ற இலைதழை, நார் ஆகியவற்றின் கழிவை அடுக்கிப் புற்றாஞ்சோறு கட்டுகின்றன. அதில் டெர்மிட்டோமைசஸ் என்ற பூஞ்சையை வளர்த்து, அந்தப் பூஞ்சையையும் அது மென்மையாக்கிய நாரையும் உண்கின்றன. மழையில் மண் நன்றாக ஊறியதும் அந்தப் பூஞ்சை மேல்நோக்கி வளர்ந்து குடை விரிப்பதுதான் நாம் பறிக்கும் காளான். நம் ஊர்க் கரையான்களில் சில ஆளுயரப் புற்று எழுப்புகின்றன. சில தரைக்கு மேல் எதையும் காட்டாமல் முழுவதும் மண்ணுக்கடியிலேயே வாழ்கின்றன. வெறும் தரையில் புற்றுக் காளான் முளைப்பது அதனால்தான்.

வளையத்தை வைத்தும் தீர்மானிக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் விவரித்த டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்ற இனம் தென்னிந்தியாவில் பரவலாக உண்ணப்படுவது. அதன் தண்டில் தடித்த வளையம் உண்டு. வளையமே இல்லாத கொடிய விஷக் காளான்களும் உண்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லும் விதியைப் பின்பற்றினால் நல்லதை எறிந்துவிட்டுக் கெட்டதை உண்ண நேரலாம்.

பூண்டு, மஞ்சள், அரிசி, வெள்ளிக் கரண்டி என எதுவும் விஷத்தைக் காட்டாது. அம்மாவிடம் இதை மரியாதையாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லுங்கள். உயிரைக் குடிக்கும் அமானிட்டின் என்ற நஞ்சு பூண்டோடு வினைபுரிவதில்லை. கொதிக்க வைத்தாலும், வெயிலில் காய வைத்தாலும் அழிவதுமில்லை. ஆடு தின்றது, புழு அரித்திருக்கிறது என்பவையும் சான்றாகா. நமக்கு நஞ்சாகும் காளானை நத்தையும் புழுவும் தின்றுவிட்டு நலமாக இருக்கும்.

உங்கள் கூடையைப் பற்றி நான் அஞ்சுவது ஒரு குறிப்பிட்ட போலியை நினைத்துத்தான்: குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். உலகின் வெப்பப் பகுதிகள் எங்கும் காணப்படும் பெரிய வெள்ளைக் காளான் அது. எரு போட்ட நிலம், புல்வெளி, தோப்பு, மாட்டுக்கொட்டில் ஓரம் என்று, நம் புற்றுக் காளான் வரும் அதே மழைக்கு, அதே வெள்ளை நிறத்தில் வரும். வட அமெரிக்காவில் மிக அதிகமானோர் தவறாக உண்டு நோய்ப்படும் காளான் இதுவே.

ஒன்று கேட்கிறேன்: அம்மா காளானைத் தோண்டி எடுத்தாரா, பிடுங்கினாரா?

கிணற்றுமேடு (தாராபுரம்)

பிடுங்கித்தான் எடுத்திருக்கிறார். எல்லாம் தரை மட்டத்தில் ஒடிந்திருக்கின்றன. அடிப்பகுதி எதிலும் இல்லை.

செம்மண்காடு (செந்துறை)

தம்பி, நான் அறுபதைக் கடந்தவன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் புற்றுக் காளான் சமைத்திருக்கிறோம். யாரும் பல்கலைக்கழகத்தைக் கேட்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம் பெரியவர்களின் அறிவை இப்படி ஒதுக்கிப் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

என் பாட்டிக்கு இடம் தெரியும். எந்தப் பனையடி, எந்த வரப்பு, எந்த மாதம் என்பது தெரியும். இடி இடித்துப் பெய்த மழைக்குப் பிறகு விடியலில் போய், மண் லேசாக மேடிட்டு வெடித்திருக்கும் இடத்தைப் பார்ப்பார். குடை விரியாத மொட்டாக இருக்கும்போதே குச்சியால் சுற்றித் தோண்டுவார். மொட்டின் உச்சியில் கூரான முனை ஒன்று இருக்கும். மண்ணைத் துளைத்துக்கொண்டு வருவது அதுதான். விரலால் அழுத்தினால் மற்ற பகுதி அமுங்கும், அது மட்டும் அமுங்காது. அதைத் தொட்டுப் பார்த்த பிறகே கூடையில் போடுவார். எருக்குழிப் பக்கம் முளைத்ததைக் காலால்கூடத் தீண்டமாட்டார். பூண்டு போட்டது வாசத்துக்காக, சோதனைக்காக அன்று.

மலைச்சாரல் (குன்னூர்)

ஐயா, உங்கள் பாட்டி செய்ததில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கமாட்டேன். பல நூல்களைவிடத் தெளிவாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இடம், மாதம், மண் வெடிப்பு, உச்சிமுனை, தோண்டி எடுப்பது, எருக்குழியை விலக்குவது ஆகிய அத்தனையையும் அவர் சேர்த்துப் பார்த்திருக்கிறார். கரையான் கூடு இடம்பெயர்வதில்லை. ஆகவே ஆண்டுதோறும் அதே இடத்தில் காளான் வருகிறது. அந்த இடத்தை அறிந்திருப்பது பெரிய பாதுகாப்பு.

என் கவலை வேறு. அந்த அறிவு அந்த நிலத்தோடு சேர்ந்தது. பாட்டியின் பேரப்பிள்ளைகள் நகரத்தில் புதிதாகப் பிரித்த மனையில் வீடு கட்டுகிறார்கள். லாரியில் மண் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், எருப்போட்டுப் புல்தரை வளர்க்கிறார்கள். மழைக்குப் பிறகு அங்கே பெரிய வெள்ளைக் குடை விரிகிறது. சிறுவயதில் பார்த்த வெள்ளைக் குடை கண்ணில் நிற்கிறது. பனையடியும் வரப்பும் கூட வருவதில்லை. பாட்டி சரிபார்த்த அடையாளங்கள் தொலைந்து, வெள்ளைக் குடை ஒன்று மட்டும் எஞ்சுகிறது. எஞ்சிய அந்த ஒன்றில்தான் போலி அச்சு அசலாக ஒத்துப்போகிறது.

அதனால்தான் தோண்டினாரா என்று கேட்டேன். புற்றுக் காளானின் தண்டு தரையோடு முடிவதில்லை. வேர் போன்ற நீண்ட வால் மண்ணுக்குள் இறங்கிப் புற்றாஞ்சோறு வரை போகும். சில சமயம் முழங்கை நீளத்துக்கும் மேல் போகும். கீழே போகப் போக மெலியும். பல இனங்களில் அதன் மேல்தோல் கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். கீறினால் உள்ளே தூய வெள்ளை நார். குளோரோபில்லத்தின் தண்டு அடியில் சற்றுப் பருத்து அங்கேயே முடிந்துவிடும். நீங்கள் மண்ணில் விட்டுவந்த துண்டில்தான் பாதி விடை இருக்கிறது. மண்வெட்டியோடு போய், இன்னும் நிற்கும் காளான்கள் சிலவற்றைச் சுற்றிலும் மண்ணோடு தோண்டுங்கள்.

மீதிப் பாதி விடை வித்துத்தூளில், அதாவது குடையின் அடிப்பக்க மடிப்புகளிலிருந்து உதிரும் நுண்தூளில். முழுதாக விரிந்த குடை ஒன்றைத் தண்டு இல்லாமல் வெட்டி, மடிப்புகள் கீழே இருக்கும்படி ஒரு தாளின் மேல் வையுங்கள். தாளின் பாதி வெள்ளையாகவும் பாதி கருப்பாகவும் இருக்கட்டும். வெளிர் தூள் வெள்ளைத் தாளில் தெரியாமல் போய்விடும். காற்று படாமல் கிண்ணத்தால் மூடி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் கிண்ணத்தை எடுத்துக் குடையை மெல்லத் தூக்கினால், மடிப்புகளின் வரி வரியான வடிவத்திலேயே தூள் படிந்திருக்கும். புற்றுக் காளானின் தூள் வெளிர் இளஞ்சிவப்பு. குளோரோபில்லத்தின் தூள் மங்கிய பச்சை. வேறெந்தப் பெரிய வெள்ளைக் காளானிலும் அந்தப் பச்சையை நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

இன்னொன்று: குளோரோபில்லத்தின் மடிப்புகளும் தொடக்கத்தில் வெள்ளைதான். நன்றாக முதிர்ந்த பிறகே பச்சை ஏறும். "மடிப்பு வெள்ளையாக இருக்கிறதே" என்று பறித்தவர்கள் பலர் நோயில் விழுந்தது இதனால்தான். அதன் குடைமேல் பழுப்பு நிறச் செதில்கள் நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் சிதறியும் இருக்கும். வளையம் தண்டோடு ஒட்டாமல், தளர்ந்த மோதிரம் போல மேலும் கீழும் நகரும். ஹெய்மியின் வளையம் நகராது.

கைபேசிக்காரன் (ஓசூர்)

இதற்கெல்லாம் இப்போது செயலிகள் வந்துவிட்டனவே? படம் எடுத்துப் போட்டால் பெயரைச் சொல்லிவிடுகிறது. எதற்கு இவ்வளவு சிரமம்?

மலைச்சாரல் (குன்னூர்)

பெயரை ஊகிக்கவும் படிக்கவும் செயலி உதவும். உண்ணலாமா என்பதைத் தீர்மானிக்க அதை நம்பக் கூடாது. மேலிருந்து எடுத்த படத்தில் மண்ணுக்கடியில் உள்ள வால் தெரியாது, தூளின் நிறம் தெரியாது, வளையம் நகருமா என்பதும் தெரியாது. எந்த அடையாளங்கள் உயிரைக் காப்பாற்றுமோ அவைதாம் படத்தில் இல்லாதவை.

வெள்ளைச்சீருடை (மதுரை)

நான் செவிலியர். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்திருக்கிறேன். காளான் உண்டு வருபவர்களைப் பற்றிச் சில செய்திகளை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால் பெரும்பாலும் குளோரோபில்லம் போன்ற, வயிற்றைத் தாக்கும் காளானாக இருக்கும். உடலின் நீர் வற்றிப்போகும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதுவே உயிராபத்து. சரியான நேரத்தில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள்.

உண்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூடக் கழித்து, வாந்தி பேதி தொடங்கினால் அது மிக மோசமான அறிகுறி. அமானிட்டின் நஞ்சு அப்படித்தான் வேலை செய்யும். கல்லீரல் செல்கள் புரதம் உருவாக்கத் தேவையான ஒரு நொதியை அது முடக்கிவிடும். ஒரு நாள் கடுமையாக வயிறு போகும். பிறகு நின்றுவிடும். நோயாளி எழுந்து உட்காருவார், பேசுவார், பசிக்கிறது என்பார். வீட்டார் நிம்மதி அடைந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளித்து, நினைவு தடுமாறி, மீண்டும் வரும்போது கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஒன்றே வழியாக இருக்கலாம். இடையில் வரும் அந்த நல்ல நாளை யாரும் நம்பிவிடாதீர்கள்.

முதல் வகை, இரண்டாம் வகை என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடவும் வேண்டாம். ஒரே குழம்பில் இரண்டு வகைக் காளானும் கலந்திருக்கலாம். சீக்கிரம் வாந்தி வந்துவிட்டது, ஆகவே ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது. உடனே 108ஐ அழையுங்கள். மிச்சக் காளான், சட்டியின் அடியில் உள்ள குழம்பு, சுத்தம் செய்தபோது எறிந்த துண்டுகள் ஆகியவற்றைத் தாளில் பொதிந்து மருத்துவமனைக்கு எடுத்து வாருங்கள். உடன் உண்ட எல்லோரையும், நலமாக இருப்பவர்களையும் சேர்த்து, அழைத்து வாருங்கள்.

2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் சில நாட்களுக்குள் 13 பேர் காட்டுக் காளான் உண்டு இறந்தார்கள். திப்ருகரில் உள்ள அஸ்ஸாம் மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்றவர்கள் அவர்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அங்கே மழை தொடங்கும் மாதங்களில் இது மீண்டும் மீண்டும் நடக்கிறது. கூலியில் கறிக்காய் வாங்குவது கடினம் என்பதால் வேலை முடிந்து வரும் வழியில் பறித்துச் சமைக்கிறார்கள். அவர்களை அறியாமை உள்ளவர்கள் என்று யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது.

ஓக்மரநிழல் (கான்பரா)

மலைச்சாரல் சொன்ன "அறிவு நிலத்தோடு சேர்ந்தது" என்பதற்கு நான் வாழும் நகரமே சாட்சி. எனக்கு ஊர் வவுனியா.

கான்பராவில் சாலையோரம் ஐரோப்பிய ஓக் மரங்கள் வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. அவற்றின் வேரோடு உறவு கொண்டு வாழ்வது அமானிட்டா ஃபல்லாய்டிஸ், உலகில் மிக அதிக உயிர்களைக் கொன்ற காளான். இங்கே பெரும்பாலும் இலையுதிர் காலத்தில், மழை பெய்ததும் முளைக்கும்; நல்ல மழை பெய்தால் கோடையிலும் வரும். 2012ஆம் ஆண்டு பிறக்கும் இரவில் இந்த நகரில் நடந்த ஒரு விருந்தில் அதை உண்ட இருவர் சில நாட்களில் இறந்தார்கள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இதில் ஏமாறுவதற்குக் காரணம் வைக்கோல் காளான். தென்கிழக்கு ஆசியாவிலும் சீனாவிலும் சமையலுக்குப் பேர்போனது அது. நம் ஊரிலும் வைக்கோல் போரில் முளைக்கும், வளர்க்கவும் செய்கிறார்கள். மொட்டாக இருக்கும்போது இரண்டும் முட்டை போல இருக்கும். விரிந்த பிறகு இரண்டுக்கும் தண்டின் அடியில் பை போன்ற உறை உண்டு. முட்டைப் பருவத்தில் வளையமும் தெரியாது, தூளும் விழாது. விரிந்தால் மட்டுமே வேறுபாடு தெரியும்: வைக்கோல் காளானுக்கு வளையம் இல்லை, தூள் இளஞ்சிவப்பு, அமானிட்டாவுக்கு வளையம் உண்டு, தூள் வெள்ளை.

இங்கே புதிதாக வரும் நம் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான். ஊரில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், வேறொரு கண்டத்துக் காளானைப் பறிக்காதீர்கள்.

வெற்றிலைக்கொடி (சோழவந்தான்)

அப்படியானால் இளஞ்சிவப்புத் தூள் வந்தாலே புற்றுக் காளான் என்று சொல்லிவிட முடியாதா? வைக்கோல் காளானுக்கும் அதே நிறம் என்கிறீர்களே.

மலைச்சாரல் (குன்னூர்)

நல்ல கேள்வி, அக்கா. சொல்ல முடியாது. எண்டோலோமா என்ற பெரிய பேரினத்துக்கும் இளஞ்சிவப்புத் தூள்தான். அதில் நச்சுக் காளான்கள் பல இருக்கின்றன. ஆனால் அவற்றின் மடிப்புகள் தண்டோடு ஒட்டியிருக்கும், அடியில் நீண்ட வால் இருக்காது. புற்றுக் காளானின் மடிப்புகள் தண்டைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிடும்; குடையை நெடுக்காகப் பிளந்தால் தண்டைச் சுற்றி சிறிய இடைவெளி தெரியும். வாலை மட்டும் நம்பவும் முடியாது. மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் வேறு காளான்கள் உண்டு, அவற்றின் தூள் வெள்ளை. வால், இளஞ்சிவப்புத் தூள், தண்டைத் தொடாத மடிப்பு, கெட்டியான உச்சிமுனை, அடியில் பை இல்லாமை: எல்லாம் ஒன்றாகப் பொருந்த வேண்டும். ஒன்று தவறினாலும் விட்டுவிட வேண்டும்.

எங்கள் மலையில் கூடுதல் கவனம் தேவை. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன் மரங்களோடு அமானிட்டா இனங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி போட்டது எல்லோர் கண்ணிலும் படும். அதை யாரும் உண்ண நினைக்கமாட்டார்கள். வெள்ளையாக அடக்கமாக நிற்பவையே ஆபத்தானவை. பைன், யூகலிப்டஸ் மரங்களின் கீழ் முளைக்கும் எதையும் என் வீட்டில் உண்ண விடுவதில்லை.

நெல்வயல் (பட்டுக்கோட்டை)

அரிசிக் காளானுக்கு எப்படிப் பார்ப்பது? அது நகத்தளவுதான் இருக்கும், நூற்றுக்கணக்கில் வரும். அதில் வால் இருப்பதாக எனக்கு நினைவில்லை.

மலைச்சாரல் (குன்னூர்)

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அதற்கு நீண்ட வால் கிடையாது. டெர்மிட்டோமைசஸ் மைக்ரோகார்ப்பஸ் என்று பெயர். பெர்க்லியும் புரூமும் 1871இல் இலங்கையிலிருந்து சென்ற மாதிரிகளை வைத்துத்தான் முதலில் விவரித்தார்கள். கரையான்கள் புற்றாஞ்சோற்றைத் துண்டு துண்டாக வெளியே கொண்டுவந்து தரையில் பரப்பிவிடுகின்றன. அந்தத் துண்டுகளிலிருந்து நேரடியாக முளைப்பதால் வாலுக்குத் தேவையில்லை. காளானுக்கு அடியில் மண்ணை விரலால் கிளறினால் பழுப்பான, பொரபொரப்பான சிறு துணுக்குகள் கிடைக்கும். ஒவ்வொரு குடையின் நடுவிலும் ஊசிமுனை அளவு கூர்ப்பு இருக்கும்.

அரிசிக் காளானின் சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. கைப்பிடி கைப்பிடியாக அள்ளும்போது இடையில் வேறு சிறு வெள்ளைக் காளான் நுழைந்துவிட்டால் தெரியாது. லெபியோட்டா என்ற சிறு காளான் கூட்டத்தில் சிலவற்றில் அமானிட்டின் இருக்கிறது. வியர்வையும் எச்சிலும் பெருக்கெடுக்கச் செய்யும் மஸ்கரின் நஞ்சு கொண்ட சிறு காளான்களும் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு தாம்பாளத்தில் பரப்பி, வெளிச்சத்தில் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் அரிசிக் காளானை விட்டுவிடுவது நல்லது.

கிணற்றுமேடு (தாராபுரம்)

மலைச்சாரல் அண்ணா, நீங்கள் சொன்னபடி மாலையில் மண்வெட்டியோடு போனேன். அம்மாவும் வந்தார். வேலியோரம் கிளுவை மரத்தடியில் நின்றவற்றைத் தோண்டினோம். கருத்த வால் இறங்கிக்கொண்டே போனது. முழுவதும் எடுக்க முடியவில்லை, பாதியில் ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் வெள்ளை நார் பிரிந்து நின்றது. அதே வேலியில் பத்தடி தள்ளி, போன ஆண்டு எரு குவித்து வைத்திருந்த பகுதியில் நின்றவை மண்ணைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டன. அடியில் சிறு குமிழ், அவ்வளவுதான். வளையம் நகர்ந்தது.

இரண்டிலிருந்தும் குடைகளை எடுத்துத் தாளில் வைத்தோம். காலையில் கிளுவை மரத்தடிக் குடைக்குக் கீழே வெளிர் இளஞ்சிவப்பு. எருக்குவியல் குடைக்குக் கீழே பாசி படிந்தது போன்ற பச்சை. அம்மா அந்தத் தாளை நீண்ட நேரம் கையில் வைத்திருந்தார். அவருடைய கூடையில் இரண்டும் கலந்திருந்தன.

செம்மண்காடு (செந்துறை)

எருக்குழிப் பக்கம் என்று நான் எழுதியதைப் பார்த்தீர்களா தம்பி. அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். அவர் பிறந்த வீட்டுத் தோட்டத்தில் எரு வேறு இடத்தில் இருந்திருக்கும். அந்தப் பச்சைத் தாளை நானும் என் பேத்திக்குக் காட்டப் போகிறேன். இங்கேயும் மழை விட்டிருக்கிறது.

கிணற்றுமேடு (தாராபுரம்)

குறை சொல்லவில்லை ஐயா. இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. கூடையில் உள்ளவற்றைப் பிரித்து நல்லதை மட்டும் எடுக்கலாமா? பச்சைத்தூள் காளானைத் தொட்ட கையால் ஏதாவது ஆகுமா?

மலைச்சாரல் (குன்னூர்)

தொடுவதால் ஒன்றும் ஆகாது. கையைக் கழுவிவிட்டால் போதும். எருக்குவியலில் நிற்பவற்றை வேரோடு அழிக்கவும் தேவையில்லை. அவை மட்கை உண்டு வாழ்பவை, பயிருக்குக் கேடில்லை. சிறு குழந்தைகள் விளையாடும் இடமாக இருந்தால் மட்டும் விரியும் முன்பே அகற்றிவிடுங்கள்.

கூடையைப் பிரிக்காதீர்கள். ஒடிந்த துண்டுகளில் எது எதன் துண்டு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முழுவதையும் குழியில் போட்டு மூடிவிடுங்கள். கிளுவை மரத்தடியை அம்மா மனத்தில் குறித்துக்கொள்ளட்டும். அங்கே மண்ணை ஆழமாகக் கிளறி புற்றாஞ்சோற்றை உடைத்துவிடாமல், பறிக்கும்போது சில குடைகளை விட்டு வைத்தால் அடுத்த மழைக்காலத்திலும் அதே இடத்தில் வரும். இந்தக் காளானைக் கரையான் இல்லாமல் வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவர இன்றுவரை யாராலும் முடியவில்லை. அந்தக் கூடு உங்கள் தோட்டத்தில் இருப்பது பெரிய பேறு.

கிணற்றுமேடு (தாராபுரம்)

கூடையை அம்மாவே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார். கிளுவை மரத்தில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறார். நாளைக்கு மொட்டு வந்தால் தோண்டி, ஒவ்வொன்றாக வாலைப் பார்த்து எடுப்பதாகச் சொல்கிறார்.